உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று எங்கள் மையத்தில் என்னைக் கேலி செய்கிறார்கள். பார்த்தது ஒப்பந்த வேலை. இனிப் புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். வழியனுப்பும்போது சால்வையெல்லாம் போட்டார்கள். சால்வை வாங்கியவள் அனுபவக் கட்டுரை எழுதாமல் தப்ப முடியாது என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"யக்கா, அந்தத் தாழ்ப்பாள் கேசை எழுதுங்க. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நீங்கதான கூட இருந்தீங்க" என்றாள் ஒருத்தி.

"நேரா எழுதுங்க யக்கா. உங்களுக்கு வேகம் ஜாஸ்தி, நடுவுல நேபாளத்துக்குப் போயிடுவீங்க" என்றாள் இன்னொருத்தி.

அவள் சொன்னது சரிதான். நேபாளத்துக்குப் போகத்தான் போகிறேன்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதியது வந்தபோது, எங்கள் மையத்துக்கும் புதுப் புத்தகம் வந்தது. பிரித்ததும் நான் தேடியது ஒரே ஒரு வரியை. பழைய புத்தகத்தில் முந்நூற்று எழுபத்தைந்தாம் பிரிவின் வாலில் இருந்த விதிவிலக்கு அது. மனைவி பதினெட்டு வயதுக்குக் குறையாதவளாக இருந்தால், கணவன் அவளோடு கொள்ளும் உறவு வன்புணர்வு ஆகாது. அவள் சம்மதித்தாளா இல்லையா என்பது கேள்வியே இல்லை. புதுப் புத்தகத்தில் அறுபத்து மூன்றாம் பிரிவுக்குப் போனேன். இருந்தது. வீடு மாறும்போது மறக்காமல் எடுத்து வந்த சாமான் மாதிரி, புது இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் அந்த வரியை எதிர்த்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். புத்தகத்தை மூடியதும் எனக்கு வளர்மதியின் ஞாபகம் வந்தது. பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

நான் வேலை பார்த்தது பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில். விருத்தாசலத்தில் கோயிலுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே ஒரு மாடி அறை. கீழே பீங்கான் பொம்மைக் கடை. படியேறி வரும் பெண்கள் பொம்மை வாங்க வந்த மாதிரி கொஞ்ச நேரம் கடையில் நின்று, தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு மேலே வருவார்கள். கடைக்காரர் அதைக் கண்டுகொண்டதே இல்லை. அந்த நல்ல மனுஷனுக்கும் ஒரு சால்வை போட்டிருக்கலாம்.

படித்தது சமூகப் பணி. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டத்தை உருப்போட்டோம், ஒருவருக்கொருவர் கணவன் மனைவியாக நடித்து ஆலோசனை சொல்லிப் பார்த்தோம், டீ குடித்தோம். அதற்கிடையே எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அந்த ஒற்றை வரி எந்தெந்த நாட்டில் இருக்கிறது, எங்கே இல்லை என்று தேட ஆரம்பித்தேன். பெரிய உலகப் படம் ஒன்று வாங்கி வண்ணம் தீட்டினேன். மனைவி என்றாலும் வன்புணர்வு வன்புணர்வுதான் என்று சொல்லும் நாட்டுக்குப் பச்சை. கணவனுக்கு விலக்குக் கொடுக்கும் நாட்டுக்குச் சிவப்பு. ஆனால், ஆகவே என்று இழுக்கும் நாட்டுக்கு மஞ்சள்.

வண்ணம் தீட்டத் தீட்ட எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. அந்த வரி நம் மண்ணில் முளைத்ததே இல்லை. சில நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு நீதிபதி தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். கல்யாணத்திலேயே மனைவி தன்னைக் கொடுத்துவிட்டாள், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். கப்பல் ஏறிப் போன இடமெல்லாம் வெள்ளைக்காரர்கள் அதையும் கொண்டு போனார்கள். பிறகு இங்கிலாந்தே, இது சட்டமே இல்லை என்று தூக்கிப் போட்டது. கொடுத்தவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள், வாங்கிய நாம் வைத்திருக்கிறோம். சுவீடன் என் அம்மா பிறக்கும் முன்பே இதைக் குற்றமாக்கிவிட்டது. நேபாளத்தில் முதலில் நீதிமன்றம் சொன்னது, பிறகு சட்டம் வந்தது. பச்சை. பூடானில் குற்றம், ஆனால் சின்ன வகைக் குற்றம். எந்த நிறம் அடிப்பது என்று ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன். இலங்கையில், நீதிமன்றம் கணவன் மனைவியைப் பிரித்து வைத்திருந்தால் மட்டும் குற்றம். மலேசியாவில், உறவுக்காக அடித்தாலோ அடிப்பேன் என்று பயமுறுத்தினாலோ குற்றம், ஆனால் பெயர் வேறு. நம் ஊரில், தனியாகப் பிரிந்து வாழும் மனைவியிடம் அவள் சம்மதமின்றிச் சென்றால் குற்றம். அதே மனைவி ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் இல்லை. ஒரே காரியம், ஒரே வலி. நடுவில் ஒரு சுவர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துப் பெயர் மாறுகிறது.

அந்தப் படத்தை மையத்தின் சுவரில் மாட்டினேன். எங்கள் மேலதிகாரி பிரிசில்லா மேடம் அதைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குது. ஆணி ஸ்ட்ராங்கா அடிச்சியா?" என்றார். அவ்வளவுதான்.

பிரிசில்லா மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் எங்கள் பகுதிக்குப் பாதுகாப்பு அலுவலர் அவர். பெண்கள் சொல்வதைக் கேட்டு அறிக்கை தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது போல ஏற்ற இறக்கமே இல்லாத குரல். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்ததால் வந்த குரல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். யாரையும் பாவம் என்று சொல்லமாட்டார். வந்திருக்கும் பெண்ணுக்கு எதிரே மேசைக்குப் பின்னால் உட்காரவும் மாட்டார். அதே பெஞ்சில், ஒரு ஆள் இடைவெளி விட்டு, இருவரும் ஒரே ஜன்னலைப் பார்க்கும்படி உட்காருவார். முகத்தைப் பார்க்காமல் பேசினால் சொல்லக் கஷ்டமானது கொஞ்சம் சுலபமாக வெளியே வரும். இதை அவர் எங்களுக்கு விளக்கியதில்லை, நானாக ஊகித்தேன்.

என்ன நடந்தது என்று முதலில் கேட்கவே மாட்டார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

"வூட்டுல யார் யார் எங்க படுப்பீங்க?"

வந்தவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். பிறகு சொல்வார்கள். கூடத்தில் மாமியார், கட்டிலில் அவர், கீழே நானும் பிள்ளைகளும். மேடம் ஒரு காகிதத்தில் வீட்டை வரைவார். கதவு எங்கே, ஜன்னல் எங்கே, தாழ்ப்பாள் எந்தப் பக்கம். அந்தப் படத்தை வரைந்து முடிப்பதற்குள், கேட்காமலேயே பாதிக் கதை வந்துவிடும். நான் பயிற்சியில் படித்த கேள்விகள் எதிலும் தாழ்ப்பாள் கிடையாது.

முதலில் இன்னொரு பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் கணவனோடு இருந்துவிட்டு, தாய் வீடு இருக்கும் விருத்தாசலத்துக்கு அவரோடு திரும்பி வந்தவர். சிங்கப்பூர் கொஞ்ச காலம் முன்புதான் கணவனுக்குக் கொடுத்திருந்த விலக்கை எடுத்திருந்தது. என் படத்தில் பச்சை. அந்தப் பெண் படத்தின் முன் போய் நின்றார். சுண்டு விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். பிறகு நம் நாட்டின் சிவப்பைப் பார்த்தார்.

"அப்ப நான் ஃப்ளைட் ஏறும்போது எனக்கு இருந்த சட்டம், எறங்கும்போது இல்லையா?" என்றார்.

நான் படத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த நீல நிறக் கடலைப் பார்த்தேன். நடுவானில் எந்த இடத்தில் அது அவரை விட்டு இறங்கியது? சாப்பாடு கொடுத்தபோதா, இருக்கை வாரைப் போடச் சொன்னபோதா? அவர் எங்களிடம் எதுவும் எழுதித் தராமல் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என் படம் எனக்கு நிறங்களாகத் தெரிவது நின்று, ஆட்களாகத் தெரிய ஆரம்பித்தது.

வளர்மதி வந்தது அதற்குப் பிறகு. ஊர் கருவேப்பிலங்குறிச்சி. தினமும் பஸ் ஏறி வந்து விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்ப்பவர். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளில் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு வரி தூக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, ஒட்டே இல்லாத மாதிரி ஆக்குவது அவர் வேலை. விரல் இடுக்குகளில் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. உட்காருவதற்கு முன் பெஞ்சில் மண் ஒட்டிவிடுமோ என்று முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டார்.

ஏற்கெனவே ஒரு காவல் நிலையத்துக்குப் போய் வந்திருந்தார். அங்கே என்ன கேட்டார்கள் என்பதை அவரே நடித்துக் காட்டினார்.

"அடிச்சாராம்மா? இல்லீங்க. குடிப்பாரா? இல்லீங்க. நகை நட்டு கேட்டாங்களா? இல்லீங்க. வேற பொம்பளை? இல்லீங்க. அப்பறம் எதுக்கும்மா வந்த, இந்த மாதிரி ஒரு புருஷன் கெடைச்சா எனக்கும் ஒண்ணு சொல்லுன்னாங்க. சிரிச்சிட்டு வந்துட்டன்."

மேடம் சிரிக்கவில்லை. "வூட்டுல யார் யார் எங்க படுப்பீங்க?" என்றார்.

ஒரு கூடம், ஒரு உள் அறை. கூடத்தில் கணவர் குணசேகர், வளர்மதி, மகள் யாழினி. உள் அறையில் முன்பு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு அறை காலியாகிவிட்டது. மேடம் வரைந்தார்.

"உள் ரூமுக்குத் தாழ்ப்பாள்?"

"இருக்குதுங்க."

"எந்தப் பக்கம்?"

வளர்மதி கொஞ்சம் யோசித்தார். "வெளிய. மல்லாட்டைக்கு வெச்சது."

மேடம் காகிதத்தில் வெளிப்பக்கமாக ஒரு சின்னக் கோடு போட்டார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வளர்மதியும் ஜன்னலைப் பார்த்தார். கீழே கடையில் யாரோ யானைப் பொம்மைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவுரு அதே பட்டறையில சூளை ஆளுங்க" என்று ஆரம்பித்தார் வளர்மதி. "சூளையை ஆறாம தொறக்கவே மாட்டாரு. மொதலாளி அவசரம்னு கத்தினாலும், தொறந்தா எல்லாம் வெடிச்சிடும் மொதலாளின்னு உக்காந்துக்குவாரு. அவ்வளவு பொறுமை. அந்தப் பொறுமை எல்லாத்தையும் அங்கியே வெச்சிட்டு வூட்டுக்கு வராரு."

பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னார். கல்யாணமானதிலிருந்து வேண்டாம் என்று சொன்ன எந்த நாளும் வேண்டாம் ஆனதில்லை. கத்தவும் முடியாது, பக்கத்தில் பிள்ளை தூங்குகிறது. நடுவில் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார், இத்தனை நாள் வரை கணவன் விலகியிருக்க வேண்டும் என்று.

"அது வரைக்கும் கிட்டவே வரல மேடம். ஒரு நாள் கூட வரல. காலண்டர்ல சுழிச்சி வெச்சிருந்தாரு. அந்தத் தேதி முடிஞ்ச அன்னைக்கு வந்தாரு. அப்பதான் எனக்கு ஒண்ணு தெரிஞ்சிது. இவருக்கு வேணாம்ங்கிற வார்த்தை புரியாம இல்ல. டாக்டரு வேணாம்னா கேக்கறாரு. நான் வேணாம்னா கேக்க மாட்டேங்கறாரு."

இதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து படத்துக்குப் போனேன். நேபாளம், சுவீடன், இங்கிலாந்து என்று ஒவ்வொன்றாகக் காட்டி, அங்கேயெல்லாம் இது பெரிய குற்றம், இங்கே விதிவிலக்கு என்று மூச்சு விடாமல் சொன்னேன். வளர்மதி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அங்கெல்லாம் போவ நம்ம பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ்ஸு இருக்குதுங்களா?" என்றார்.

மேடத்தின் தோள் குலுங்கியதை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். நானும் சிரித்துவிட்டேன். வளர்மதிக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை, தங்கச்சி என்றார்.

மேடம் தன் கடைசிக் கேள்வியைக் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு கேட்பது. "உங்களுக்கு என்ன வேணும்?"

"அவுரு ஜெயிலுக்குப் போவ வேணாம். பிள்ளைக்கு அப்பா மேல உசுரு. நான் அம்மா வூட்டுக்கும் போவ மாட்டன். அந்தக் கூரைக்கு என் சம்பளமும் போட்டிருக்குது. அந்த மல்லாட்டை ரூமு எனக்கும் பிள்ளைக்கும் வேணும். உள்ள இருந்து சாத்திக்கணும். நான் தொறந்தாதான் தொறக்கணும்."

இவ்வளவுதான் கேட்டார். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தில் பெரிய பெரிய வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடும் விஷயத்தை, அந்தப் பெண் ஒரு தாழ்ப்பாளாகச் சுருக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆனால் சட்டத்தில் இடமிருக்கிறதா? இருந்தது. தண்டனைச் சட்டம் முன்கதவைச் சாத்திவிட்ட இடத்தில், குடும்ப வன்முறைச் சட்டம் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தை எதுவும் குடும்ப வன்முறைதான், கணவன் செய்தாலும். இது தண்டனைக்கான வழக்கு இல்லை, பாதுகாப்புக்கான மனு. இதைச் செய்யாதே என்று நீதிமன்ற நடுவர் உத்தரவு போடலாம். வீட்டில் இன்ன பகுதிக்குள் நுழையாதே என்று சொல்லலாம். அந்த உத்தரவை மீறினால், அது குற்றம். சிறை வரை போகும். மீண்டும் மீண்டும் படித்துப் பார்த்தேன். மனைவி வேண்டாம் என்றதை மீறினால் வன்புணர்வு இல்லை. நீதிமன்றம் வேண்டாம் என்றதை மீறினால் குற்றம். வளர்மதி தன் வீட்டில் கண்டுபிடித்ததும் இதையேதான். வீட்டில் டாக்டர் சீட்டு, நாட்டில் நீதிமன்றச் சீட்டு.

குணசேகரை அழைத்துப் பேசினோம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் சூளைச் சூடு பட்டுப் பொசுங்கிய முடி. மரியாதையான மனிதர். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"நான் குடிக்கிறனா மேடம்? சீட்டாடுறனா? சம்பளத்தை அப்படியே அவ கையில குடுக்கிறன். எங்கத் தெருவுல வந்து கேட்டுப் பாருங்க."

மேடம் பெஞ்சில் அவரோடும் அதே இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார். "அவங்க வேணாம்னு சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?"

"பொண்டாட்டிங்கன்னா அப்படித்தானுங்களே சொல்லுவாங்க. எல்லா வூட்டுலயும் சொல்றதுதான்."

"மத்த வூட்டைக் கேக்கல. கேட்டுதான்னு மட்டும்தான் கேட்டேன்."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக நீவிவிட்டு, "கேட்டுதுங்க" என்றார்.

மேடம் திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. போய்ட்டு வாங்க என்றார். நான் அப்போது கோபப்பட்டேன். இவ்வளவுதானா என்று கேட்டேன். "அறிக்கைக்கு அது போதும்" என்றார்.

அறிக்கை தயாராகும்போதுதான் சிக்கல் வந்தது. இலவச சட்ட உதவி வக்கீலும் மேடமும் ஒரே யோசனை சொன்னார்கள். டாக்டரிடம் இன்னொரு சீட்டு வாங்கிவிடலாம். ஆபரேஷன் நடந்த உடம்பு, கேட்டால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். உடல்நிலை காரணம் என்று இருந்தால் நடுவர் உத்தரவு போடத் தயங்கமாட்டார். வெறும் விருப்பமில்லை என்று எழுதினால் எதிர்த் தரப்பு வக்கீல் விதிவிலக்கைத் தூக்கிக்கொண்டு வருவார், மனு தள்ளுபடியாகலாம். நடைமுறை தெரிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் தலையாட்டினேன்.

வளர்மதி மாட்டேன் என்றார்.

"சீட்டு முடிஞ்சா?" என்றார். "மாத்திரைச் சீட்டு மாதிரி அதுக்கும் தேதி முடிஞ்சிடும். அப்பறம் இன்னொரு சீட்டா? ஒடம்பு சரியில்லன்னாதான் வேணாம்னு சொல்லலாம்னு கோர்ட்டே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாதா? என் ஒடம்பு நல்லா இருக்குது. நல்லா இருக்கற ஒடம்போட வேணாங்கறன்."

"தள்ளுபடி ஆயிடுச்சின்னா அதே கூடத்துலதான் படுக்கணும்" என்றார் மேடம், அதே ரயில் நிலையக் குரலில். "கோர்ட்டே ஒண்ணும் சொல்லலன்னு அவருக்கும் தெரிஞ்சிடும். இப்ப இருக்கறதை விட மோசமாவும் ஆகலாம். தெரிஞ்சிதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சிதான் சொல்றன்."

மேடம் அந்தப் பழைய டாக்டர் சீட்டை எடுத்து வளர்மதியிடமே திருப்பிக் கொடுத்தார். வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உலகப் படத்தில் உள்ள அத்தனை பச்சை நாடுகளையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். அந்தப் பச்சையின் அர்த்தம் எனக்கு முழுதாக விளங்கியது அந்தப் பெஞ்சில்தான். நோய் இல்லாமல், காரணம் இல்லாமல் சொல்லும் வேண்டாம். அதற்குத்தான் அந்த நாடுகள் பச்சை.

இப்படிப்பட்ட மனுக்களைப் பொது அரங்கில் இல்லாமல் தனி அறையில் விசாரிக்கலாம். நடுவர் தன் அறையிலேயே விசாரித்தார். வளர்மதி, குணசேகர், இரண்டு வக்கீல்கள், மேடம், துணைக்கு ஒரு பெண் என்று அனுமதி வாங்கி நான். மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது.

குணசேகரின் வக்கீல் கெட்டிக்காரர். முதலில், கணவன் மனைவி உறவு எந்தச் சட்டப்படியும் குற்றம் இல்லை என்றார். இது குற்ற வழக்கு இல்லை, பாதுகாப்பு மனு என்று எங்கள் வக்கீல் எழுந்தார். நடுவர் கையமர்த்தினார். உடனே அவர் வேறு பக்கம் வந்தார். "அறையும் தாழ்ப்பாளும் வேண்டும் என்று கேட்கிறார்கள் ஐயா. அறை அங்கேயே இருக்கிறது. தாழ்ப்பாளும் இருக்கிறது. இல்லாத ஒன்றைக் கேட்டால் பரவாயில்லை, இருப்பதைக் கேட்டு எதற்கு ஒரு மனு?"

நடுவர் காகிதங்களைப் புரட்டினார். அறிக்கையோடு மேடம் கையால் வரைந்த அந்த வீட்டுப் படமும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்மா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குது?"

"வெளிப் பக்கங்க. மல்லாட்டை திருடு போவாம இருக்க வெச்சது. வெளிய இருந்து யார் வேணா பூட்டலாம், யார் வேணா தொறக்கலாம். உள்ள இருக்கறவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க."

அந்தக் கெட்டிக்கார வக்கீல் தன் கோப்பை மூடி வைத்தார். நடுவர் அந்தப் படத்தில் இருந்த சின்னக் கோட்டின் மேல் விரலை வைத்திருந்தார். பிறகுதான் நாங்கள் பயந்த கேள்வி வந்தது.

"ஆபரேஷன் நடந்ததுன்னு இருக்குது. இப்ப ஒடம்புக்கு ஏதாவது தொந்தரவா?"

ஆமாம் என்று ஒரே ஒரு சொல் போதும். எங்கள் வக்கீல் வளர்மதியையே பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. நல்லா இருக்கன்."

"அப்பறம் என்ன காரணம்?"

"காரணம் இல்லீங்க. வேணாம்னு இருக்குது. அதையே காரணமா எழுதிக்க முடியுங்களா?"

மின்விசிறி ஒரு சுற்று சுற்றிக் கிறீச்சிட்டது. நடுவர் குணசேகர் பக்கம் திரும்பி, "உங்க மனைவி சொன்னது காதுல விழுந்துதா?" என்று கேட்டார்.

குணசேகர் எங்கள் பெஞ்சில் சொன்ன அதே பதிலைச் சொன்னார். "கேட்டுதுங்க." இந்த முறை யோசிக்காமல் சொன்னார்.

இடைக்கால உத்தரவு அன்றே வந்தது. மனுதாரரின் விருப்பமின்றி எதிர்மனுதாரர் அவரை உடல்ரீதியாக அணுகக் கூடாது. வீட்டின் உள் அறை மனுதாரரும் அவர் மகளும் மட்டும் பயன்படுத்துவதற்கு. அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளை எதிர்மனுதாரர் தன் செலவில் பொருத்தித் தர வேண்டும். நிறையப் பெரிய தீர்ப்புகளை இப்போது கல்லூரியில் படிக்கிறேன். மனுதாரரின் விருப்பமின்றி என்று அந்தத் தாளில் பார்த்தபோது வந்த மலைப்பு எதிலும் வரவில்லை. நோய் இல்லை, சீட்டு இல்லை, தேதி இல்லை. சிவப்பு நாட்டுக்கு நடுவே, கருவேப்பிலங்குறிச்சியில், பத்துக்குப் பத்து அடி கூட வராத ஒரு மல்லாட்டை அறை பச்சையாகிவிட்டது. என் படத்தில் அதைக் காட்ட முடியாது. அவ்வளவு நுணுக்கமான பேனா எந்தக் கடையிலும் இல்லை.

உத்தரவு போட்டால் போதாது, நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலை. சில நாள் கழித்துப் பகல் பஸ்ஸில் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை விடுமுறை. வாசலில் வேப்பமர நிழலில் குணசேகர் உட்கார்ந்து மகளின் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். யாழினி பக்கத்தில் நின்று, இங்க விடுப்பா, அங்க விடுப்பா என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

வளர்மதி என்னை உள்ளே அழைத்துப் போனார். வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள். மரத்தில் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. உள்பக்கம் புதிதாக, தேவைக்கு மேல் நீளமான ஒரு தாழ்ப்பாள்.

"ஆசாரியைக் கூப்புடலியா?" என்றேன்.

"கூப்புட்டா எதுக்குன்னு கேப்பாருல்ல. அதான் இவரே போட்டுட்டாரு. சூளை ஆளு, மர வேலை தெரியுமா? கோணலா போட்டுட்டாரு பாரு தங்கச்சி. ஆனா வுழுவுது."

"வுழுவுதான்னு நான் பாத்து எழுதணும்" என்றேன்.

"இரு, காட்றன்."

என்னைக் கூடத்தில் நிற்க வைத்துவிட்டு, வளர்மதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே இரும்பு ஒரு தரம் மரத்தில் உரசியது. கொஞ்சம் இழுபறி. பிறகு டக் என்று விழுந்தது.

"கேட்டுதா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"கேட்டுது" என்றேன். எனக்குப் பின்னால், வாசற்படியிலிருந்து இன்னொரு குரலும் அதையே தாழ்வாகச் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். எண்ணெய்க் கையோடு குணசேகர் நின்றுகொண்டிருந்தார். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கதவு உடனே திறக்கவில்லை. உள்ளே வளர்மதி என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. திறப்பதும் திறக்காததும் அவர் இஷ்டம். நாங்கள் இரண்டு பேரும் வெளியே காத்திருந்தோம்.